தோய்க்கிற கல்லின் பூர்வீகம்: வல்வெட்டித்துறைக் கிணற்றடியில் ஓர் எரிமலைப் பாறை

வல்வெட்டித்துறையில் ஒரு பழைய வளவு. அதன் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகக் கிடக்கும் ஒரு கருங்கல்லைப் படம் எடுத்து, "யாழ்ப்பாணத்துக்குக் கீழே எரிமலை இருந்ததற்கு ஆதாரம்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, அது குழுக் குழுவாகச் சுற்றி, கடைசியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வகுப்பில் கேள்வியாகக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. கல் எரிமலைக் கல்தான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது யாழ்ப்பாணத்து எரிமலையின் கல் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எப்படி அளந்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் கல்லைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய பலாப்பழ அளவு, மூன்று பக்கம் உருண்டு மழுங்கியது, மேற்பக்கம் மட்டும் தட்டை. தோய்த்துத் தோய்த்துத் தேய்ந்த தட்டையா, வெட்டிய தட்டையா என்று பார்த்தால் இரண்டுமாகத் தெரிகிறது. நிறம் கறுப்புக்கும் கரும்பச்சைக்கும் நடுவில். கிட்டக் குனிந்து பார்த்தால் உடம்பெல்லாம் வெள்ளைக் கண்கள். சில மிளகு அளவு, சில புளியங்கொட்டை அளவு, அவற்றில் ஒன்றிரண்டின் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. கண் உதிர்ந்துபோன இடத்தில் வழுவழுப்பான குழி. எரிமலைக்குழம்பு மேலே வந்து அழுத்தம் குறையும்போது அதில் கரைந்திருந்த வாயு குமிழாகப் பிரியும், குழம்பு இறுகும்போது குமிழ் குழியாக நின்றுவிடும், அப்புறம் இலட்சக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் ஓடிய வெந்நீர் அந்தக் குழியைச் சியோலைட், கல்சைட், அகேட் போன்ற கனிமங்களால் நிரப்பும். வெள்ளைக் கண் அதுதான்.

இனி, ஏன் யாழ்ப்பாணத்துக் கல் இல்லை. குடாநாடு முழுக்க மயோசீன் காலச் சுண்ணக்கல். ஆழமற்ற கடலில் சிப்பியும் பவளமும் பாசியும் படிந்து உண்டான அடையற்பாறை. அதைத் துளைத்துக் கீழே போனால் மணற்கல் வரும், அதற்கும் கீழே வன்னியில் வெளியே தெரிகிற அதே பழைய உருமாறிய பாறை. அந்த உருமாறிய பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியோட்டின் ஆழத்தில் வெந்து மறுபடி பளிங்குருவானது. ஒரு காலத்தில் அதில் எரிமலைப் பாறை இருந்திருந்தாலும் வாயுக்குமிழ் மிஞ்சியிருக்க வழியே இல்லை, அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் குழியெல்லாம் நசுங்கி மணிமணியான கனிமமாகிவிடும். கிழக்கு மாகாணப் பக்கம் டொலரைட் சுவர்கள் பழைய பாறையை ஊடறுத்து நிற்கின்றன. அவை, எரிமலைக்குழம்பு இறுகிய கரும்பாறையான பசால்ட்டின் உறவுதான், ஆனால் நிலத்துக்குள்ளேயே ஆறி இறுகியவை, இப்படிக் கண் கண்ணாக இருக்காது. கன்னியா வெந்நீரூற்றைக் காட்டி "அங்கே சூடு இருக்கே" என்பவர்களுக்கு: மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புகிறது, அதற்கு எரிமலை தேவையில்லை.

எங்களுக்குக் கிட்டிய உண்மையான பழைய எரிமலைப் பாறை எது என்று கேட்டால், மன்னார்க் கடலுக்கு அடியில் இருக்கிறது. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார் வடிநிலத்தில் எரிவாயு தேடித் துளையிட்டபோது பரக்குடா என்று பெயரிட்ட கிணற்றில் எரிமலைப் பாறை குறுக்கிட்டது. ஆனால் அது கடலடிக்கும் கீழே, அடையல்களுக்குள் புதைந்து கிடக்கும் பாறை. கிணற்றடிக்கு வர அதற்கு வழியில்லை.

வீட்டுக்கார ஆச்சியிடம் கேட்டேன்.

"ஆச்சி, இது எங்கயிருந்து வந்தது எண்டு ஆராவது சொன்னவையோ?"

"அப்புவின்ர கப்பலில வந்தது தம்பி. காக்கிநாடா எண்டுதான் சொல்லுறவை. பாரத்துக்குப் போட்ட கல்லாம்."

நம்பக்கூடிய கதை. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கும் பர்மாவுக்கும் போய்வந்தவை. இங்கே கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது ஊருக்கே தெரியும். சரக்குக் குறைந்த பயணத்தில் கப்பல் சரியாமல் இருக்க அடியில் கல் அடுக்குவது எல்லாக் கடற்கரையிலும் வழக்கம், அதற்கு உருண்டு மழுங்கிய கல் வசதி. ஆனால் குடும்பக் கதையை ஆதாரமாக முதலிலேயே எடுத்துக்கொண்டால் பிறகு எல்லா அளவையும் அந்தக் கதைக்கு ஏற்றபடிதான் வாசிப்போம். அதனால் காக்கிநாடாவை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கல்லைக் கேட்கத் தொடங்கினோம்.

வினாகிரிச் சோதனையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கண்ணில் விட்டதும் நுரைத்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் உடனே "அப்ப சுண்ணாம்புக்கல்தானே, கதை முடிஞ்சுது" என்றார். அடுத்த கண்ணில் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு உடம்பிலும் ஒன்றும் நடக்கவில்லை. நுரைத்தது கல்சைட் நிரம்பிய கண், நுரைக்காதது சியோலைட். ஒரு கல்லுக்கு ஒரு துளி போதும் என்று நினைத்தால் இப்படித்தான் பாதி உண்மை கிடைக்கும். நூலில் கட்டிய காந்தம் கல்லின் பக்கம் சாய்ந்தது, உள்ளே இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த மக்னடைட் இருக்கிறது. மீன் நிறுக்கும் தராசில் காற்றிலும் தண்ணீருக்குள்ளும் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்ததில் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு அடர்த்தி. இலேசான கண்கள் இவ்வளவு இருந்தும் அந்த அளவு என்றால் உடம்பு அதைவிடக் கனம். தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்லாக இருக்கலாமோ, கிரக்கட்டோவா 1883இல் வெடித்தபோது இந்து சமுத்திரம் முழுக்க மிதந்து வந்ததுபோல, என்று கேட்டவர்களுக்கு இந்த ஒரு அளவே பதில்.

உள்ளே பார்க்கவேண்டும் என்றால் ஒரு சில்லு எடுக்கவேண்டும். "உடைச்சா நான் எதில தோய்க்கிறது?" என்று ஆச்சி மறித்தார். நியாயமான கேள்வி. மண்ணில் புதைந்திருந்த அடிப்பக்கத்து மூலையில், கண் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு துண்டு மட்டும் எடுத்தோம். அதில் ஒரு பாதியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் மெல்லிசுக்குத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தபோது குழப்பமே இல்லை. குச்சி குச்சியாகப் பிளாஜியோகிளேஸ், இடையில் ஓகைட், கறுப்புப் புள்ளிகளாக இரும்பு ஒட்சைட், இடுக்குகளில் மண்ணிறமாகச் சிதைந்த கண்ணாடி. பசால்ட்.

அடுத்தது வேதியியல். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் நண்பர் கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர்க் கருவியைக் கொண்டுவந்தார். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் இயந்திரமும் இதே தத்துவம்தான், அது உலோகத்துக்கு ஏற்றபடி செப்பம் செய்தது, இது பாறைக்கு. இந்தக் கருவிக்குச் சோடியம் தெரியாது, மக்னீசியத்தை அரைகுறையாகத்தான் சொல்லும், சமதானிகளை, அதாவது ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களை, பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் முடிவுகளைப் பரப்புவது கெட்ட பழக்கம்.

தோய்க்கும் தட்டையின்மேல் ஒரு வாசிப்பு, புதிதாக உடைத்த உள்முகத்தில் ஒரு வாசிப்பு எடுத்தோம். இரண்டும் இரண்டு வேறு கற்கள்போல இருந்தன! மேலே கல்சியமும் பொற்றாசியமும் ஸ்ரோன்சியமும் உயர்ந்து நின்றன. உள்ளே அவை இறங்கிவிட்டன. தைத்தேனியம், சேர்க்கோனியம், நியோபியம், இத்திரியம் ஆகியவை மட்டும் மேலேயும் உள்ளேயும் ஏறக்குறைய ஒன்று. தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு நிறைந்த கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரமும் ஊறிய மேற்பரப்பு அது. தண்ணீரோடு வந்துபோகிற மூலகங்கள் வந்துபோயிருக்கின்றன, தண்ணீரில் அசையாதவை இருந்த இடத்தில் இருக்கின்றன.

இந்த வேறுபாடுதான் பழைய எரிமலைப் பாறை ஆராய்ச்சி முழுவதற்கும் முதுகெலும்பு. கிறீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுகளுக்கும் பழைய தலையணை லாவாக்கள் இருக்கின்றன. கடலுக்கடியில் வெளிவந்து, கடல்நீரில் ஊறி, பிறகு புதைந்து வெந்து, மறுபடி வெந்து வந்தவை. அவற்றின் பொற்றாசியத்தையோ ருபீடியத்தையோ நம்பிப் பிறப்பைச் சொல்ல முற்பட்டால் கிணற்றடிச் சவர்க்காரத்தை வைத்து எரிமலையைச் சொன்ன மாதிரித்தான். தென்னாபிரிக்காவின் பார்பர்டனில் ஏறக்குறைய 350 கோடி ஆண்டுகள் பழைய கொமடியைட் என்ற எரிமலைப் பாறைகள் உண்டு. மக்னீசியம் ஒட்சைட் 18 வீதத்துக்கு மேல் இருப்பதே அவற்றின் அடையாளம். 1969இல் வில்யோன் சகோதரர்கள் விவரித்த நாளிலிருந்து, அவ்வளவு மக்னீசியம் உருக 1600 பாகை செல்சியசை ஒட்டிய சூடு வேண்டும், எனவே அன்றைய பூமி இன்றையதைவிட வெகு சூடு என்று ஒரு கட்சி. ஆழத்தில் தண்ணீர் இருந்திருந்தால் குறைந்த சூட்டிலேயே உருகியிருக்குமே என்று மறு கட்சி. அங்கேயும் எந்த மூலகத்தை நம்புவது என்பதில்தான் பாதி வாதம்.

சரி, அசையாத மூலகங்கள் என்ன சொல்கின்றன? புவியோட்டுக்குக் கீழே இருக்கும் மூடகம் முழுதாக உருகுவதில்லை. ஒரு சிறு பங்குதான் உருகும். உருகும்போது கனிமக் கட்டமைப்புக்குள் பொருந்தாத பெரிய அணுக்களும் மின்னேற்றம் கூடிய அணுக்களும் முதலில் வெளியேறிவிடுகின்றன. தேங்காய்ப்பூவைப் பிழிகிற மாதிரி: முதற்பாலில் கொழுப்பு அத்தனையும் வந்துவிடும், அதன்பிறகு எவ்வளவு பிழிந்தாலும் தண்ணிப்பால்தான், சக்கையிலும் ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சமாக உருகிய குழம்பில் நியோபியம், இலேசான அருமண் மூலகங்கள் எல்லாம் செறிந்திருக்கும். நிறைய உருகினால் ஐதாகும். ஏற்கெனவே ஒருமுறை பிழிந்த மூடகத்திலிருந்து மறுபடி உருகினால் அவை இன்னும் குறைவு, நடுக்கடல் முகட்டுப் பசால்ட் அந்த வகை. ஆழத்தையும் இதிலிருந்தே சொல்லலாம். ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்குக் கீழே மூடகத்தில் கார்னெட் என்ற கனிமம் இருக்கும், கார்னெட் கனமான அருமண் மூலகங்களையும் இத்திரியத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். குழம்பில் இத்திரியம் வழமையைவிடக் குறைவென்றால், கார்னெட் மிச்சமிருந்த ஆழத்தில் உருகியது என்று பொருள்.

எங்கள் கல்லின் உள்முகம்: சிலிக்கா 50 வீதத்துக்குச் சற்றுக் கீழே, மக்னீசியம் குறைவு, இரும்பு கூட, தைத்தேனியம் ஒட்சைட் 2 வீதத்துக்கு மேல், பேரியம் மிகக் குறைவு, நியோபியத்தில் பள்ளம் இல்லை (அதாவது மூலக அட்டவணையில் பக்கத்து மூலகங்களைவிட நியோபியம் மட்டும் தாழ்ந்து தெரியவில்லை). மக்னீசியம் குறைவு என்பதால் இது மூடகத்திலிருந்து நேரே வந்த குழம்பு இல்லை, வரும் வழியில் எங்கோ ஓர் அறையில் தங்கி, மக்னீசியம் நிறைந்த ஒலிவின் கனிமத்தைக் கீழே படியவிட்டு வந்தது.

கப்பல் போகக்கூடிய கரைகளை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். பர்மா என்றால் போப்பா மலைப் பக்கம். அது கடல்தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே அமிழும் இடத்தின் எரிமலை. அமிழும் தட்டிலிருந்து கசியும் தண்ணீர் பேரியம், ஸ்ரோன்சியம், ஈயம் எல்லாவற்றையும் மேலே கொண்டுவரும், நியோபியத்தை மட்டும் விட்டுவிட்டு வரும். எங்கள் கல்லில் பேரியமும் கூடவில்லை, நியோபியப் பள்ளமும் இல்லை, தைத்தேனியமும் அந்த வகைக்கு மிக அதிகம். ஏடன், மொரிசியஸ் பக்கம் கார உலோகங்களும் நியோபியமும் நன்றாக உயர்ந்த பசால்ட் சாதாரணம், அதுவும் பொருந்தவில்லை. வங்காளத்துக்குப் போன கப்பல் என்றால் ராஜ்மகால் மலைப் பசால்ட், ஏறக்குறைய 11.7 கோடி ஆண்டுகள் பழையது. அதைத் தள்ளக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது, ஆனால் அங்கே தைத்தேனியம் பொதுவாக இதைவிடக் குறைவு. மிஞ்சியது தக்காணம், மேற்கு, நடு இந்தியாவின் லாவாப் பீடபூமி.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் பலரும், சில நேரம் ஆய்வுக் கட்டுரைகளிலும்கூட, நியோபியம் பள்ளமாக இருந்தால் உடனே "தட்டு அமிழ்ந்த இடம்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தக்காணமே அதற்கு மறுப்பு. அங்கே புஷே என்று பெயரிட்ட லாவா அடுக்குக் குழம்பு, மேலே வரும் வழியில் பழைய கண்டப் பாறையை உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கண்டப் பாறையில் நியோபியம் குறைவு, பேரியம் கூட. ஆகவே புஷேக் கல்லைத் தனியாக ஒரு மூலக அட்டவணையில் பார்த்தால் தட்டு அமிழும் இடத்து எரிமலைபோலவே நடிக்கும். காட்டிக்கொடுப்பது ஸ்ரோன்சியம் சமதானி. ருபீடியம் 87 மெல்ல மெல்ல, 4,900 கோடி ஆண்டை ஒட்டிய அரைவாழ்வோடு, ஸ்ரோன்சியம் 87 ஆகச் சிதைகிறது. ருபீடியம் நிறைந்த பழைய கண்டப் பாறையில் அந்தச் சமதானி காலத்தோடு சேர்ந்துகொண்டே போகும். புஷேயில் ஸ்ரோன்சியம் 87/86 விகிதம் 0.713ஐத் தாண்டுகிறது. கண்டக் கலப்பு மிகக் குறைந்த அம்பேனலி அடுக்கில் அது 0.704 அளவில் நிற்கிறது. 300 கோடி ஆண்டுப் பாறைகளில் நியோபியப் பள்ளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு "அப்போதே தட்டுகள் நகர்ந்தன" என்று சொல்பவர்கள் இந்த இரண்டு அடுக்கையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் கல்லின் உயர்ந்த தைத்தேனியமும் தாழ்ந்த பேரியமும் புஷேயைத் தள்ளிவிடுகின்றன, அம்பேனலி வகைக்குக் கிட்டக் கொண்டுபோகின்றன. சமதானி எண் எங்கள் கையில் இல்லை, அதனால் "அம்பேனலி வகை" என்பதற்கு மேல் போக நான் தயாரில்லை. ஆனால் அதுவே நிறையச் சொல்லுகிறது: சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் தட்டு இன்றைய ரீயூனியன் தீவின் கீழுள்ள சூடான மூடகத்தின்மேல் கடந்தபோது, ஐந்து இலட்சம் சதுர கிலோமீற்றர் அளவில் இன்றும் மிஞ்சியிருக்கும் லாவாவின் ஒரு பங்கு. தட்டு வடக்கே நகர நகர அதே சூடு லட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ் என்று ஒரு வரிசையை விட்டுச் சென்றது. 1987இல் கடலடியில் துளையிட்டபோது மாலைதீவுப் பக்கத்துப் பசால்ட் சுமார் 5.7 கோடி ஆண்டு, சாகோஸ் பக்கத்தது அதைவிட இளையது என்று வந்தது. வரிசை இலங்கைக்கு மேற்கே கடலோடு போய்விட்டது, குடாநாட்டைத் தொடவில்லை.

வயதை நேரே அளக்கலாமே என்று கேட்பார்கள். பொற்றாசியம் சிதைந்து உண்டாகும் ஆகனை அளக்கும் முறை உண்டு. ஆனால் கண்ணாடி சிதைந்து, கண்ணெல்லாம் கனிமம் நிரம்பிய கல்லில் ஆகன் கசிந்திருக்கும், பொற்றாசியம் வெளியிலிருந்து சேர்ந்திருக்கும், வயது இளமையாகப் பொய் சொல்லும். காந்தத் திசையும் உதவாது. தக்காண லாவாவின் பெரும்பங்கு பூமியின் காந்தம் தலைகீழாக இருந்த காலத்தில் இறுகியது, அது நல்ல தடயம், ஆனால் பாறை இருந்த நிலையிலேயே இருக்கவேண்டும். கப்பலில் உருண்டு வந்த கல்லுக்கு மேல் எது, கீழ் எது?

இப்போது காக்கிநாடாவைத் திரும்ப எடுக்கலாம். தக்காணம் என்றதும் எல்லோரும் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான், பம்பாய்ப் பக்கத்தைத்தான் நினைப்பார்கள், அப்படியென்றால் குடும்பக் கதை பொய்க்கும். ஆனால் கோதாவரி முகத்துக்கு மேலே ராஜமுந்திரியில் பசால்ட் தனித்துக் கிடக்கிறது, காக்கிநாடாவுக்குக் கிட்ட. நெடுங்காலம் அது உள்ளூர் எரிமலையின் லாவா என்றும் ஒரு கருத்து இருந்தது. மூலக அளவுகளையும் சமதானிகளையும் ஒப்பிட்டபோது கீழ் லாவா அம்பேனலியோடும் மேல் லாவா மகாபலேஸ்வர் அடுக்கோடும் பொருந்தியது. மேற்கே புறப்பட்ட குழம்பு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் ஓடி வங்காள விரிகுடாக் கரைக்கு வந்திருக்கிறது என்பதே அதிலிருந்து எடுத்த முடிவு. பூமியில் தெரிந்த மிக நீளமான லாவா ஓட்டங்களில் அது ஒன்றாக இருக்கலாம்.

ஆக, ஆச்சியின் கல்லை மேற்குக் கரையில் ஏற்றியிருந்தாலும் கிழக்குக் கரையில் ஏற்றியிருந்தாலும் வேதியியல் ஒரே பதிலைத்தான் தரும், ஏனென்றால் இரண்டும் ஒரே குழம்பு. எங்கே பிறந்தது என்பதை மூலகங்கள் சொல்லும், எந்தத் துறையில் கப்பலேறியது என்பதை அவை சொல்லாது. அப்புவின் கப்பல் சோழமண்டலக் கரையில் ஓடியது என்பதால் எனக்கு ராஜமுந்திரிப் பக்கம்தான் சாய்வு, ஆனால் அந்தச் சாய்வு கப்பலை வைத்து வந்தது, கல்லை வைத்து இல்லை. கல்லே சாட்சி சொல்லக்கூடிய ஒரே வழி உண்டு. ராஜமுந்திரியில் கீழ் லாவாவுக்கும் மேல் லாவாவுக்கும் நடுவில் ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்பு அடுக்கு ஒன்று இருக்கிறது, அதில் கடல் நுண்ணுயிர்ச் சுவடுகள் உண்டு, மேற்குத் தொடர்ச்சி மலை லாவாக்களுக்கு நடுவில் அப்படிக் கடல் அடுக்கு இல்லை. லாவாவின் விளிம்பில் அந்த அடுக்கின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் கரை தீர்ந்துவிடும். அடிப்பக்கம் முழுக்கக் கழுவி, வெடிப்பு வெடிப்பாக உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். சுண்ணாம்பு இருந்தது, ஆனால் எல்லாம் கிணற்றுத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் படிவுதான், சுவடு ஒன்றும் இல்லை.